மாளிகைக்காரனுக்கு இரண்டு டிக்

அந்தப் பழுப்பு உறை வந்தபோது தையற்காரி ஒரு சட்டையின் கைக்குழியை வெட்டிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பிரித்துப் படித்தவள், கத்தரிக்கோலைத் துணியிலேயே விட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

“யாருடி அது?” உள்ளறைக் கட்டிலிலிருந்து அக்கா கேட்டாள்.

“தபால்.”

“நமக்கு யாருடி தபால் போடுறா? தப்பா வந்திருக்கும், திருப்பிக் குடு.”

“எனக்குத்தான்க்கா. வாசக உணர்வு ஒழுங்கு இலாகா.”

அக்கா பேசவில்லை. அக்கா பேசாவிட்டால் விஷயம் பெரிது. இடுப்புக்குக் கீழே ஆறு வருஷமாக அசைவில்லாமல் கிடக்கிறவள் அவள். வாய் மட்டும் இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட ஓய்வெடுத்ததில்லை.

“படி,” என்றாள் கடைசியில்.

தையற்காரி படித்தாள். “தாங்கள் நூலகத்தில் திருப்பித் தந்த நாவலுக்கான உணர்வுச் சீட்டில், ‘வில்லன்’ என்ற வரிக்கு நேரே ‘இரக்கம்’, ‘வெறுப்பு’ ஆகிய இரு கட்டங்களிலும் டிக் காணப்படுகிறது. ஒரு வாசகருக்கு ஒரு பாத்திரத்தின்மீது ஒரே ஒரு உணர்வுதான் அனுமதிக்கப்பட்டுள்ளது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து உபரி உணர்வை ஒப்படைக்கவும். பராமரிப்பு உரிமத்தை உடன் கொண்டுவரவும்.”

கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். பராமரிப்பு உரிமம் என்கிற அந்த ஒற்றைத் தாளால்தான் அக்கா இந்த வீட்டில் இருக்கிறாள். அது இல்லாவிட்டால், படுக்கையில் கிடப்பவர்களை ஊர்க்கோடி இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இல்லத்தில் சேர்ந்தவர்கள் யாரும் குறை சொன்னதாகப் பதிவில்லை என்று இலாகாவின் ஆண்டறிக்கை பெருமையோடு சொல்லும். யாரும் திரும்பி வந்ததாகவும் பதிவில்லை.

“எல்லாம் உன்னாலதான்க்கா. பாவம் பாவம்னு நீதான் என் மனசைக் கெடுத்த.”

“நான் பாவம்னேன். நீ எதுக்குடி மூக்கை உறிஞ்சின?”

“மூணு பேருக்கு மருந்து குடுத்துக் கொன்னவன்க்கா அவன்!”

“கொன்னான். இல்லேன்னு யாரு சொன்னா? ஏழு வயசுல அவன் பட்டது உனக்கும் எனக்கும் நடந்திருந்தா தெரியும்.”

இருவரும் ஒரு மாதமாக இதே சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நாவல் நூற்றைம்பது வருஷப் பழசு. சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு மாளிகை. கொள்ளைநோயில் வீடே செத்துப்போக, ஏழு வயதுப் பிள்ளை ஒன்று நாற்பது நாள் பிணங்களோடு தனியாக இருந்தது. அது வளர்ந்து மாளிகைக்காரன் ஆனபின், தன் வீட்டுக்கு வந்த யாரையும் வெளியே விடுவதில்லை. கிளம்புகிறேன் என்றவர்களுக்குத் தூக்க மருந்து கொடுப்பான். அதில் மூன்று பேர் எழுந்திருக்கவே இல்லை. தூங்குகிறவர்களுக்குக் குளிருமே என்று தினமும் மாலையில் ஒவ்வொருவருக்கும் போர்வை போர்த்துவான். போர்த்தும்போது யார் தூங்குகிறவர், யார் செத்தவர் என்று பார்க்கமாட்டான்.

“அந்தப் போர்வையை எழுதினவன் நாசமாப் போக,” என்று அக்கா அந்த இடத்தில் தலையணை நனைய அழுதாள். தையற்காரி அழுதுகொண்டே எழுந்து போய், கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

“போறது போற, நீ படிக்க நான் கேட்டேன்னு மட்டும் உளறித் தொலைக்காதே. ஒரு சீட்டுக்கு ஒரு காதுதான்,” என்றாள் அக்கா.

புதன்கிழமை பத்து மணிக்கு இலாகாவின் கதவு தானாகத் திறந்து, அவள் உள்ளே வந்ததும் தானாகச் சாத்திக்கொண்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை.

“கைப்பிடி கழண்டு போச்சா சார்?” என்று முன்மேசைக் குமாஸ்தாவிடம் கேட்டாள்.

“போடவே இல்லம்மா. உள்ள வர்றதுக்குத்தானே கதவு?” என்றார் குமாஸ்தா, அதில் என்ன சந்தேகம் என்பதுபோல. “உபரி உணர்வைக் கொண்டு வந்திருக்கீங்களா?”

“எப்படி சார் கொண்டு வர்றது?”

“எல்லாரும் இதையே கேட்கிறீங்க. ஏன் ரெண்டு டிக் போட்டீங்க?”

 தையற்காரி தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் சொன்னாள். “சார், நான் துணி தைக்கிறவ. அளவுல சந்தேகம் இருந்தா ரெண்டு கோடு போடுவோம். உள்கோட்டுல தைப்போம், வெளிக்கோட்டுல வெட்டுவோம். நடுவுல கொஞ்சம் துணி இருக்கும். ஆளு பெருத்தாலும் இளைச்சாலும் பிரிச்சுக்கலாம். கை பழக்கம் சார். இந்த ஆளோட அளவு எனக்குப் பிடிபடலை, அதான்...”

குமாஸ்தா தலையை ஆட்டியபடியே எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டவும் செய்தார். “தன்னிடம் கத்தரிக்கோல் இருப்பதாக ஒப்புக்கொள்கிறார். வில்லன் இளைத்தால் பிரித்துவிடுவதாகவும் மிரட்டுகிறார். சரிதானே?”

“ஐயோ, அப்படிச் சொல்லலையே சார்!”

“மறுப்புக்கு வேற படிவம். டோக்கன் நாற்பத்தி ரெண்டு. போய் உட்காருங்க.”

பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். நாற்பத்தொன்று ஒரு கணக்கு வாத்தியார். நாற்பத்திமூன்று ஒரு பஸ் டிரைவர், காக்கிச் சட்டையோடு வேலையிலிருந்தே வந்திருந்தார்.

“நீங்க எந்த வில்லன்?” என்று டிரைவர் ரகசியமாகக் கேட்டார்.

“மாளிகைக்காரன்.”

“நானும் அவன்தான். இரக்கம்னு டிக் போட்டேன். ஆதாரம் கேட்கிறாங்க. அழுத கர்ச்சீப்பைக் குடுத்தேன், அது வியர்வையாம். இப்ப உள்ள வந்து அழுது காட்டணுமாம். பயத்துல கண்ணு காஞ்சு கிடக்கு.”

“நீங்க சார்?” என்று தையற்காரி வாத்தியாரைக் கேட்டாள்.

“நான் எதையும் டிக் பண்ணலை. கதைதானே, எனக்கு ஒண்ணும் தோணலைன்னு எழுதிட்டேன். உயிரோட இருக்கிறதுக்குச் சான்றிதழ் கேட்கிறான்.” வாத்தியார் சிரித்தார். “உன் எதிர்லதானேப்பா உட்கார்ந்திருக்கேன்னேன். அது சான்று ஆகாதாம்.”

மணி அடித்தது. வாத்தியார் உள்ளே போனார். கால்மணி நேரத்தில் வேறு கதவு வழியாக வந்தார். சட்டை கசங்கவில்லை, தலை கலையவில்லை.

“என்ன சார் ஆச்சு?” என்றார் டிரைவர்.

“ரொம்ப சந்தோஷம்,” என்றார் வாத்தியார்.

“அடிச்சாங்களா?”

“ரொம்ப சந்தோஷம்,” என்றார், அதே குரலில், அதே அளவு வாயைத் திறந்து. பிறகு சுவரைப் பார்த்து நின்றார். ஒரு சிப்பந்தி வந்து, பிள்ளையைக் கூட்டிப்போவதுபோல் அவர் விரலைப் பிடித்துக் கூட்டிப்போனான்.

டிரைவரும் தையற்காரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மறுபடி மணி அடித்தது.

முதல் அறை பரிசோதனை அறை. தையற்காரியின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். பட்டையிலிருந்து போன கம்பி முள் வைத்த பெட்டி ஒன்றில் முடிந்தது. முள்ளுக்கு இடப்பக்கம் இரக்கம், வலப்பக்கம் வெறுப்பு. ஓர் உதவியாளர் நாவலைப் பிரித்து, ரயில் வருகையை அறிவிக்கிறவர் குரலில் வாசித்தார்.

“பக்கம் தொண்ணூற்றி நான்கு. அவன் கிண்ணத்தில் மருந்தைக் கலக்கினான். முற்றும்.”

“முற்றும்னு ஏன் சொல்ற? ஒரு வரிதானே படிச்ச?” என்றார் பரிசோதகர்.

“பழக்கம் சார்.”

முள் வலப்பக்கம் ஓடியது. “வெறுப்பு,” என்று பரிசோதகர் எழுதினார். அப்போது அவளுக்கு வெறுப்பு வரவில்லை. பட்டை இறுகிக்கொண்டே போனதால் வந்த நடுக்கம் அது.

“பக்கம் நூற்றி இருபது. அவளுடைய பாதம் வெளியே தெரிந்ததால் போர்வையை இழுத்து மூடினான்.”

அந்த ரயில் குரலில் கேட்டும் அவளுக்கு அக்கா நினைவு வந்தது. வீட்டில் அக்காவின் பாதம் போர்வைக்கு வெளியேதான் கிடக்கும். அதற்குக் குளிர் தெரியாது, ஆனாலும் இவள் தினமும் இழுத்து மூடுவாள். முள் இடப்பக்கம் ஓடியது, திரும்பி வலப்பக்கம் வந்தது, பிறகு நட்டநடுவில் நின்று கிடுகிடுவென்று ஆடியது.

பரிசோதகர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். “ரெண்டும் சமமாக் காட்டுது. அப்படி ஒரு உணர்வே கிடையாதே?”

“என்ன பண்றது சார்?”

“விசாரணை முடியிற வரைக்கும் பெட்டியைச் சஸ்பெண்ட் பண்ணு. இந்த அம்மாவைப் பெரியவர்கிட்ட அனுப்பு.”

உதவியாளர் பெட்டியின்மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார். துணிக்குள்ளே முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்த சத்தம் அவளுக்கு வராந்தா முடியும்வரை கேட்டது.

பெரியவர் என்பது தலைமை உணர்வு அலுவலர். அகலமான அறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைவிட, ஓரத்து மேசைதான் அவள் கண்ணில் முதலில் பட்டது. அதில் வரிசையாகப் பதினொரு டீக் கிளாஸ், ஒவ்வொன்றின்மேலும் ஒரு சின்னத் தட்டு.

“உட்காருங்கம்மா. பயப்படாதீங்க. பயம் இந்த இலாகாவோட வரம்புக்குள்ள வராது,” என்றார். குரல் நல்ல குரல், டாக்டர் குரல். “இங்க யாரையும் கட்டாயப்படுத்துறதில்லை. ரெண்டுல ஒரு உணர்வை நீங்களே சுதந்திரமாத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்கிற வரைக்கும் வெளிய போகமுடியாது, அவ்வளவுதான்.”

“எது சார் சரியான விடை?”

“அது அரக்கு வெச்ச உறையில பத்திரமா இருக்கு.”

“பிரிச்சுப் பார்த்துட்டா...”

“பிரிச்சா ரகசியம் என்னத்துக்கு ஆகும்? எனக்கே தெரியாதும்மா. அதனாலதான் நான் பாரபட்சமா நடந்தேன்னு யாரும் சொல்லமுடியலை.”

“நீங்க அந்த நாவலைப் படிச்சிருக்கீங்களா சார்?”

அவர் புண்பட்டதுபோல் பார்த்தார். “படிச்சா நடுநிலைமை போயிடும். முப்பத்தோரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், ஒரு புத்தகம் தொட்டதில்லை. நான் வந்தப்போ இந்த ஊரு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒரே பக்கத்துல அழுதாங்க, சிரிச்சாங்க. எவனோ ஒரு வில்லனுக்காகப் புருஷனும் பொண்டாட்டியும் சாப்பிடும்போது சண்டை. இப்பப் பாருங்க, எந்த வீட்டுலயாவது சண்டை இருக்கா? பேச்சே இல்லையே!”

அவர் அவளுடைய பராமரிப்பு உரிமத்தை எடுத்து மேசையில் நேராக வைத்தார்.

“அக்கா படுக்கையில. நீங்கதான் பார்த்துக்கிறீங்க. நல்லது. இப்ப வெறுப்புன்னு டிக் போடுறீங்கன்னு வைங்க. பிணத்துக்கு நடுவுல கிடந்த பிள்ளைமேலயே இரக்கம் வராதவகிட்ட ஒரு நோயாளியை எப்படி விட்டுவைக்கிறது?”

“அப்போ இரக்கம்னு போடுறேன் சார்.”

“போடுங்க. ஆனா, ஆளுங்களை வீட்டுக்குள்ள அடைச்சு, படுக்கவெச்சு, போர்வை போர்த்துறவன்மேல இரக்கமா? உங்க வீட்டுல ஒரு ஆளு ஆறு வருஷமாப் படுத்திருக்காங்க. வெளிய வரலை. நீங்க போர்வை போர்த்துறீங்க. எங்களுக்குச் சந்தேகம் வருமா, வராதா?”

 நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவருக்குப் பின்னாலிருந்த ஜன்னல் வழியே முற்றம் தெரிந்தது. ஒரு வெள்ளை வண்டி. இரண்டு சிப்பந்திகள் அதில் ஒரு ஸ்ட்ரெச்சரை மடித்து ஏற்றினார்கள். வண்டி கிளம்பியது.

“சார், அந்த வண்டி...”

“உங்க வீட்டுக்குத்தான்.”

“நான் இன்னும் டிக்கே போடலையே சார்!”

“வண்டி அதுபாட்டுக்குப் போகும், நீங்க உங்கபாட்டுக்கு யோசிங்க. ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருக்கிற வழக்கம் இங்க இல்லை.”

எழுந்து ஓடலாம் என்றால் இந்தக் கதவுக்கும் கைப்பிடி இல்லை. கும்பிட்டு அழலாம் என்றால் எந்தக் கட்டத்தில் எழுதுவார்களோ. அவள் பார்வை தடுமாறி மறுபடி அந்த டீக் கிளாஸ்களில் விழுந்தது.

“யாருக்கு சார் இவ்வளவு டீ?” என்று கேட்டுவிட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

“எங்க ஸ்டாஃபுக்கு. ஆறிடுமேன்னு மூடி வெச்சிருக்கேன்.”

“அவங்கள்லாம் எங்க சார்?”

“மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்தாங்க. ஒவ்வொருத்தரா. நான் கையெழுத்துப் போடலை. அப்புறம் வர்றதில்லை.” அவர் ஒரு தட்டை நகர்த்தி, ஓரம் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தார். “ஆனா பதிவேட்டுல எல்லாரும் இங்கதான் இருக்காங்க. தினமும் நான்தான் ஆஜர் போடுறேன்.”

தையற்காரி பதினொரு தட்டையும் பார்த்தாள். “சார்,” என்றாள். “அவனும் இதையேதான் சார் பண்ணினான்.”

“எவன்?”

“மாளிகைக்காரன்.”

அலுவலர் கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது. “கதை கேட்கிறதும் படிச்சதாத்தான் கணக்கு. சீட்டு எழுதணும். சொல்லாதீங்க,” என்றார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “மெதுவாச் சொல்லுங்க.”

சொன்னாள். நாற்பது நாளைச் சொன்னாள். மருந்தைச் சொன்னாள், போர்வையைச் சொன்னாள். நடுநடுவே வண்டி எந்தத் தெருவில் திரும்பியிருக்கும் என்று மனசு ஓடியது. அவர் கண் இமைக்கவில்லை.

“கடைசியில?”

“சதுப்புல தண்ணி ஏறுது சார். மாளிகை முழுகப்போகுது. அவன் ஒரு பொண்ணுக்குப் போர்த்தும்போது அவ கண்ணைத் திறந்து, ‘உங்களுக்குக் குளிரலையா?’ன்னு கேட்கிறா. அதுவரைக்கும் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவன் போய்க் கதவைத் திறந்து விட்டுடறான். அவ ஓடிப்போறா.”

“அவன்?”

“மத்தவங்களோட உட்கார்ந்திடறான். தண்ணி வருது.”

“அந்தப் பொண்ணு திரும்பிப் பார்த்தாளா?”

“பார்க்கலை சார்.”

அலுவலர் உரிமத்தை எடுத்து மறுபடி நேராக வைத்தார். “ஒரு தடவை பார்த்திருக்கலாம்,” என்றார். பிறகு மூச்சை விட்டு, “மூணு பேரைக் கொன்னவன். பார்க்காததுதான் சரி,” என்றார்.

சொன்னபிறகுதான் அவருக்கு உறைத்தது.  கூரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மேசைக்கு அடியில் குனிந்தும் பார்த்தார்.

“ரெண்டையும் நீங்க கேட்கலை.”

“கேட்கலை சார்.”

“ஒண்ணைக்கூடக் கேட்கலை.”

“எனக்குக் காதே மந்தம் சார்.”

அவர் மேசை டிராயரை இழுத்து, அடியிலிருந்து ஒரு ரப்பர் முத்திரையைத் தோண்டி எடுத்தார். முப்பத்தோரு வருஷம் தொடாத முத்திரை. மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. நாக்கில் தொட்டு ஈரமாக்கி, உரிமத்தின்மேல் அழுத்திக் குத்தினார். ‘நிலுவையில்.’ அந்த இலாகா ஒருவருக்குக் காட்டக்கூடிய அதிகபட்சக் கருணை அது. இந்த முத்திரை விழுந்த தாளை யாரும் தொடமாட்டார்கள்.

“வண்டியை நிறுத்தச் சொல்லுங்க சார்.”

“நிறுத்த வழி இல்லைம்மா. நீங்க அதுக்கு முன்னாடி போயிட்டா உண்டு.” மேசைக்கு அடியில் ஏதோ பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. தாளை எடுத்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டும்போது பின்னால் அவர் குரல், அதே டாக்டர் குரல், மைக்கில் வந்தது. “அடுத்து, நாற்பத்திமூணு.”

டிரைவர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். “எப்படிம்மா? நல்ல மனுஷனா?”

“பாவம், நல்ல மனுஷன்,” என்றாள் தையற்காரி. “பயந்தே உட்காருங்க. டீ குடுத்தா மட்டும் குடிச்சிடாதீங்க.”

முத்திரையைப் பார்த்ததும் குமாஸ்தா முன்கதவை வெளியிலிருந்து திறக்கச் சொன்னார். அவள் ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் போயிற்று, எடுக்கவில்லை. கடைத்தெருவைக் குறுக்கே வெட்டி, சந்தில் புகுந்து, மூச்சு முட்ட வீட்டு முனைக்கு வந்தபோது, வெள்ளை வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

“அக்கா!”

பதில் இல்லை. உள்ளறையில் ஆண்குரல்கள். தாளை முன்னால் நீட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

ஸ்ட்ரெச்சர் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சிப்பந்திகளில் தடியானவன் தையல் முக்காலியில் உட்கார்ந்திருந்தான், ஒல்லியானவன் தரையில். கட்டிலில் அக்கா தலையணையில் முட்டுக்கொடுத்து, கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தாள்.

“அப்புறம் என்னக்கா ஆச்சு? தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” என்றான் ஒல்லி.

“இடுப்புவரைக்கும். அவன் நகரலை.”

“நகரச் சொல்லுக்கா!” என்றான் தடியன். கண்ணை முழங்கையால் துடைத்தான்.

“நிலுவையில் இருக்குங்க,” என்று தையற்காரி தாளை அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். “கொண்டுபோகக் கூடாது.”

“சரிம்மா, இருங்க. இருங்க. முடியப்போகுது,” என்றான் ஒல்லி, தாளைப் பார்க்காமலே.

தையற்காரி வாசலுக்குப் போய், தெருவில் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு வருவதற்குள் அக்கா கதையை முடித்துவிட்டாள்.  ஒல்லிதான் முதலில் விழித்துக்கொண்டான். அவன் முகத்தில் கிலி பரவியது.

“அழுதியா நீ?”

“தூசி.”

“நல்லாத் தொடைடா. வண்டி சீட்டுக்கு அடியில முள்ளுப்பெட்டி இருக்கு.” அவன் தையற்காரி பக்கம் திரும்பிக் கைகூப்பினான். “நாங்க கதை கேட்டோம்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. பிள்ளைகுட்டிக்காரங்க.”

“நீங்க வந்ததே எனக்குத் தெரியாது,” என்றாள் அவள்.

வெறும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு, திருடிவிட்டுப் போகிறவர்கள்போல் அடிமேல் அடி வைத்துப் போனார்கள். வண்டி தெருமுனை திரும்புகிறவரை தையற்காரி அசையவில்லை. பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, அக்காவின் காலடியில் சரிந்து உட்கார்ந்தாள். 

“ஏன்டி,” என்றாள் அக்கா, கொஞ்சம் தயங்கி. “ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

“என்னக்கா?”

“கடைசி அத்தியாயத்தை மாத்திச் சொல்லிட்டேன். அந்தத் தடியன் அழுததைப் பார்த்ததும் மனசு கேட்கலை. மாளிகைக்காரனைத் தப்பிக்க விட்டுட்டேன். அவன் இப்ப எங்கேயோ உயிரோட திரியறான். இது பெரிய குத்தமா?”

இதற்கு இலாகாவில் கட்டமே கிடையாது என்று தையற்காரிக்குத் தெரியும்.  எழுந்து போய் ஜன்னலை மூடினாள். திரைச்சீலையையும் இழுத்துவிட்டாள். திரும்பி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அக்காவின் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள்.

“எப்படிக்கா தப்பிச்சான்? மெதுவாச் சொல்லு.”